கடைசிக் கொட்டகை நாடகம்

வண்டியூரில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. நான் சோழவந்தானிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒருவர் வெற்றிலைக் கட்டை மடியில் வைத்திருந்தார். மனைவியோடு திருவிழாவுக்குப் போனால் எதையெல்லாம் பார்க்கலாம் என்று பக்கத்து இளைஞர் அவரிடம் கேட்டார்.

“தெப்பக்குளத்துக்கு மேற்கால கரகாட்டம் பாருங்க தம்பி. பொம்மலாட்டமும் நல்லாருக்கு. கடைசிக் கொட்டகையில நாடகம் போடுறாய்ங்க, அத மட்டும் பாக்காதீங்க.”

“ஏண்ணே, நல்லா இல்லையா?”

“இருக்கதுலயே அதுதான் நல்லாருக்கு. பிள்ளையப் பறிகுடுத்த தாயா வர்றது என் தங்கச்சி.”

இளைஞர் சிரித்தார். “தங்கச்சி நடிக்கிறதப் போயி யாராச்சும் பாக்க வேணாம்பாங்களாண்ணே?”

“போன மாசந்தான் அவ மகன் காய்ச்சல்ல போயிட்டான். ஒத்தப் பிள்ள. வீட்டுல ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. மேடையிலதான் அழுகுறா. கூட்டத்துல ஒன்ஸ்மோர் கேக்குறாய்ங்க. அவளும் மொதல்ல இருந்து அழுகுறா.”

இளைஞரின் முகம் மாறிவிட்டது. பஸ் வைகைப் பாலத்தில் ஏறியது.

“நடிக்க வேணாம்னு சொல்லலாமேண்ணே?”

“சொன்னேன். ‘அங்கயாச்சும் அழுதுக்கிறேண்ணே’ன்னுட்டா.”

“அப்ப நீங்களும் பாக்கப் போறதில்லையா?”

“தெனமும் போறேன். இந்த வெத்தலைய எறக்கிட்டு இன்னைக்கும் அங்கதான் போறேன். திரை விழுந்ததும் அவளால எந்திரிக்க முடியாது தம்பி. தூக்கிவிட ஆள் வேணும்ல.”