பனைக்கு வந்த நோய்

காலிங்பெல் விடாமல் அலறியது. வீட்டுக்குள் வளர்க்கும் பனைக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று காரியாபட்டி டீச்சர் ஒருவருக்குப் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். விரலை மண்ணுக்குள் விடுங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். இவ்வளவுதான் விஷயம். ஒரு டீச்சருக்கு இது புரியவில்லை. போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். இன்ஸ்பெக்டர் நாகஜோதி நின்றிருந்தார்.

அருப்புக்கோட்டையில் கார்த்தீஸ்வரன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பனை டாக்டர் என்று கேட்டால் வீட்டையே காட்டுவார்கள். தறிகளை மகனிடம் விட்ட பிறகு இதுதான் என் வேலை. தொட்டியில் வளரும் அரேக்கா பனைக்கு என்ன கோளாறு வந்தாலும் எனக்கு அத்துப்படி. கோளாறு பெரும்பாலும் செடியில் இருக்காது, வளர்ப்பவரின் தலையில் இருக்கும். பந்தல்குடி லாரி ஷெட்காரர் கரிசல் மண்ணைத் தொட்டியில் அடைத்து வேரை அழுகவிட்டார். ஜவுளிப் பூங்காவுக்கு இடம் பார்க்க வருகிறவர்களை மயக்குவதற்காக, ஒரு லாட்ஜ்காரர் ஏசிக்கு நேர் கீழே பனைகளை நிறுத்தி அத்தனையையும் விளக்குமாறாக்கினார். இவர்களெல்லாம் பிள்ளையும் வளர்க்கிறார்கள்.

என் மனைவி காளீஸ்வரி இவர்களைவிட மோசம். எங்கள் பக்கம் குடித்து மிஞ்சிய தண்ணீரை யாரும் சும்மா கொட்ட மாட்டார்கள். டம்ளரில் ஒரு வாய் மிச்சம் இருந்தாலும் ஏதாவது ஒரு செடிக்குப் போய்விடும். வறண்ட ஊரின் பழக்கம். முருங்கைக்கு ஊற்றினால் சரி. அவள் ஹாலில் இருந்த என் பனைக்கு ஊற்றினாள். விருந்தாளி மிச்சம் வைத்தது, அரிசி களைந்தது, எல்லாம் அதற்குத்தான். வேர் மூச்சுவிட முடியாமல் இலை மஞ்சளானது.

வீட்டில் எங்களுக்குக் கன்னடம். கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். பக்கத்து வீட்டு அழகுத்தாய்க்கும் கேட்க வேண்டும் அல்லவா.

"குடிதண்ணிக்கு லாரிய எதிர்பாத்து நிக்கிறோம், மிஞ்சுனத சாக்கடையில ஊத்தச் சொல்றீகளா? ஊருக்கெல்லாம் டாக்டரு, வீட்டுல ஒத்தச் செடி பொழைக்கல."

சுவருக்கு அந்தப் பக்கம் அழகுத்தாய் சிரித்தாள். அடுத்த வாரமே, வைத்தியம் கேட்டுப் போன் செய்தவர்கள், "ஒங்க பனை எப்படிண்ணே இருக்கு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

காரணத்தை விட்டுவிட்டு இலையைக் கத்தரிப்பது அரைகுறைகளின் வேலை. நான் காரணத்தை நீக்கத் தீர்மானித்தேன்.

அவளுக்கு மூட்டுவலி. தினமும் காலையில் நானே கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இப்படியொரு புருஷன் கிடைக்குமா என்று தெருவே பேசியது. காட்டுக்கு அடிக்கிற களைக்கொல்லியை அதில் கலந்தேன், கொஞ்சமாகத்தான். செடிக்கானாலும் மனுஷருக்கானாலும் அள்ளிக் கொட்டுவது முட்டாள்தனம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள் மதுரை ஆஸ்பத்திரியில். அங்கேயே இறந்தாள். முறைப்படி அழுதேன்.

அவள் ரத்தத்தில் ஏதோ விஷம் இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். அதை விசாரிக்கத்தான் நாகஜோதி வந்திருந்தார். ஆனால் உட்கார்ந்ததும் அவர் கண் ஹால் மூலைக்குப் போனது. என் பனை மொத்தமாகக் காய்ந்து நின்றது. ஆஸ்பத்திரி, காரியம் என்று அலைந்ததில் நான் அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவே இல்லை.

"ஏன் சார் இப்படிக் கருகிருச்சு? தண்ணி கூடிப்போச்சா? எங்க வீட்டுலயும் ஒண்ணு இப்படித்தான் நிக்கிது."

தெரியாதவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தான். எழுந்துபோய்த் தொட்டியருகே குந்தினேன்.

"போர் தண்ணி உப்புன்னா நுனி மட்டும் கருகும் மேடம், மண்ணுல வெள்ளையாப் படியும். தண்ணி கூடுனா அடி இலை மஞ்சளாகும், மண்ணு நாறும். பூச்சின்னா இலைக்கு அடியில நூலாம்படை கட்டும். இதுல எதுவுமே இல்ல. குருத்தோட சேத்து ஒரே மாதிரி எரிஞ்சிருக்கு பாருங்க. இது களைக்கொல்லி."

எந்த விவசாய ஆபீசரும் இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். பெருமையோடு நிமிர்ந்தேன். நாகஜோதி செடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள இருக்கிற தொட்டியில களைக்கொல்லிய யாரு சார் ஊத்துனது?"

சத்தியமாக நான் ஊற்றவில்லை. கஷாய டம்ளர் தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. வாசலில் நின்ற அழகுத்தாய்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

"அக்காதேன் ஊத்துச்சு. கசாயம் கசக்குதுன்னு பாதிக்கு மேல குடிக்க மாட்டாம, மிச்சத்த செடிக்கு ஊத்திரும். அவுகளுக்கு இதுன்னா உசுருடி, இதுக்கும் கொஞ்சம் தெம்பு வரட்டுமேன்னு சொல்லும்."

கலந்தது நான்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். அதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் எந்தக் குற்றம் யாருடையது என்று சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஜீப்பில் ஏறும் முன் நாகஜோதியிடம் சொன்னேன்.

"கேட்டீகளா மேடம்? தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. கடைசியில என் செடியைக் கொன்னது அவதான்."