ரேங்க் எத்தனை?

டாலஸில் டிரைவிங் லைசென்ஸுக்காகக் கால் கடுக்க நின்ற வரிசை அது. 1998. எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள். இளையவர் சொன்னது காதில் விழுந்தது.

"என்னை இன்டர்வியூ பண்ணது ஒரு பழைய பருத்தித் தோட்டத்துல சார்."

"தோட்டத்துலயா?"

"இப்ப அது யுனிவர்சிட்டி. அடிமைங்கள வெச்சுப் பருத்தி எடுத்த நிலம். விடுதலைக்கப்புறம் கறுப்பர் பிள்ளைங்களுக்காக கவர்ன்மென்ட் அங்கயே காலேஜ் ஆரம்பிச்சுது. அங்கதான் லெக்சரர் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தேன்."

"ரேங்க் எத்தனை? என் பொண்ணுக்கு டாப் டென் காலேஜ் லிஸ்ட் போட்டு பையிலயே வெச்சிருக்கேன்."

"நானும் அதைத்தான் சார் கேட்டேன், இன்டர்வியூலயே!"

"அட, என்னங்க நீங்க!"

"டீன் அம்மா கோவப்படல. ஜன்னலைக் காட்டி, 'எங்க கொள்ளுத்தாத்தா இந்த மண்ணுலதான் பருத்தி எடுத்தார். புஸ்தகத்தைத் தொட்டா சவுக்கடி. இன்னிக்கு இங்க நான் டீன். ரேங்கை நீங்களே சொல்லுங்க'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்ப ஜாயின் பண்ணணும்னு கேட்டேன்."

கவுன்ட்டரில் பெரியவரின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து லிஸ்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"அந்த காலேஜ் பேருக்கு ஸ்பெல்லிங் சொல்லுங்க."

பத்துக்குக் கீழே நிறைய இடம் இருந்தது. அவர் ஒன்றுக்கு மேலே எழுதினார்.