உதவிம்மா வேலைக்கு ஆள் தேவை

…அந்த நாற்காலி வேணாம்மா, அது ஆடும். இதுல உக்காருங்க. ஆங்… எங்க விட்டேன்? உங்களுக்கு முன்னாடி வந்துட்டுப் போச்சே ஒரு பொண்ணு, அது கதை. வாசல்ல நின்னுக்கிட்டே கேக்குது, “மத்தவங்க எல்லாம் எங்க சார்?”னு. மத்தவங்க! “சாஃப்ட்வேர் எழுதுறது நான், விக்கிறது நான், பில் அனுப்புறது நான், இந்த ரூமைக் கூட்டிப் பெருக்குறதும் நான். மொத்தக் கம்பெனியும் உன் முன்னாடி உக்காந்திருக்கு, நல்லாப் பாத்துக்க”ன்னேன். “யோசிச்சுச் சொல்றேன் சார்”னு எறங்கிப் போயிடுச்சு. யோசிக்குமாம்! யோசிக்கிற மூஞ்சியா அது?

நீங்க அப்படியில்ல, பாத்தாலே தெரியுது. பேசாம கேக்குறீங்க. இந்த வேலைக்கு அதுதான் முக்கியம்.

என்ன வேலையா? சொல்றேன், சொல்றேன். சலவைக் கடைங்களுக்கு நான் ஒரு சாஃப்ட்வேர் பண்ணி விக்கிறேம்மா. யாரோட சட்டை, எந்த அலமாரி, வெளுத்தாச்சா, தேச்சாச்சா, எல்லாம் அதுல வந்துடும். நல்ல சாஃப்ட்வேர். தங்கம்! அதை வாங்குறவங்கதான்… ஹும். ஒருத்தர் போன் பண்றாரு, “உங்க சாஃப்ட்வேர் போட்டதுலேருந்து சட்டை எல்லாம் சாயம் போகுது”ன்னு! நான் என்ன சோப்பா விக்கிறேன்? இன்னொருத்தர், “ப்ரிண்டர் செத்துப் போச்சு, உடனே வாங்க”ன்னாரு. போய்ப் பாத்தா ப்ளக்கைப் புடுங்கிட்டு ஃபேனை மாட்டி வெச்சிருக்காரு. வேர்க்குதாம்!

வீட்டுல மட்டும் என்ன வாழுது? மாமனாரு விருந்தாளிங்ககிட்ட என்னைக் காட்டி, “மாப்பிள்ளை இப்ப சும்மாதான் இருக்காரு”ன்றாரு. சும்மா! ராத்திரி பகலா கண்ணு எரிய உக்காந்திருக்கிறவன் சும்மா இருக்கானாம். மச்சான் ஒருத்தன் இருக்கான், அவன் இன்னும் மேல… அதை விடுங்க, அவனைப் பத்திப் பேசினா பொழுது போயிடும்.

விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பக்கம் ஒரு மேஜை இருக்கு பாருங்க. பூந்தொட்டி, ரோஸ் கலர் கப்பு, கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரைத் தட்டிப் பாக்காதீங்க, உள்ள ஒண்ணும் கெடையாது, வெறும் பொட்டி. அது உதவிம்மாவோட மேஜை.

உதவிம்மா வேலையை விட்டுட்டாங்களான்னா… அவங்க வந்தாத்தானேம்மா விடுறதுக்கு?

ஆளே கெடையாது. நான்தான்.

சிரிக்காதீங்க. ஆரம்பத்துல எல்லாக் கடிதத்துக்கும் என் பேருல நானே பதில் எழுதினேன். அந்த ஃபேன்காரருக்கு, “உங்க மூளையையும் ப்ளக்கோட சேத்துப் புடுங்கிட்டீங்களா”ன்னு எழுதினேன். உண்மையைத்தானே எழுதினேன்? சண்டை போட்டுட்டுப் போயிட்டாரு. அவரோட சேந்து ரெண்டு மூணு பேரு போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வழி கண்டுபுடிச்சேன். மொதல்ல என் மனசுல இருக்கிறதை எழுதுவேன். ஆசை தீரத் திட்டி எழுதுவேன். அப்புறம் அதை அழிச்சுட்டு, “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்”னு எழுதி, கீழ ‘வாடிக்கையாளர் உதவி’ன்னு போட்டுடுவேன். பேரு கீரு எதுவும் போடல. நம்ம ஜனங்களே அது பொண்ணுன்னு முடிவு பண்ணிட்டாங்க! ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு பொறுமை வராதாம். “உதவிம்மா, உதவிம்மா”ன்னு ஒரே கொஞ்சல். மக கல்யாணத்துக்குக் கூப்பிடுறாங்க, முட்டி வலிக்கு மருந்து கேக்குறாங்க. என்னை யாராவது கூப்பிட்டாங்களா? நான் எழுதின சாஃப்ட்வேர், நான் எழுதின கடிதம், கல்யாணப் பத்திரிகை மட்டும் அவளுக்கு!

கப்பு எதுக்குன்னா, யாராவது திடீர்னு வந்துட்டா “இப்பத்தான் வெளிய போனாங்க”ன்னு சொல்லலாமில்ல, அதுக்கு. கப்பையும் பூந்தொட்டியையும் பாத்துட்டு என் வீட்டுக்காரி புடிச்சுக்கிட்டா. “எனக்கு ஒரு செடி வாங்கித் தந்திருக்கீங்களா இதுவரைக்கும்?”னு ஒரே கேள்வி. இல்லாத பொம்பளையோட என்னைச் சேத்து வெச்சு… சரி, அது என் தலைவிதி.

இப்ப சிக்கல் என்னன்னா, ஒரு சலவைக்கடை அம்மா இருக்காங்க. ஊரு பூரா கடை. அவங்க ஒருத்தர் விலகினா என் வருமானத்துல பாதி போயிடும். பாதிம்மா! அவ்வளவு பெரிய மனுஷி, போன்ல என்கிட்ட என்ன கேக்குறாங்க தெரியுமா? திரையில எழுத்து எல்லாம் நீலமா இருக்காம், மனசுக்கு ஒரு மாதிரி இருக்காம், மஞ்சளா மாத்தணுமாம். நான் சொன்னேன், “சோப்பு நுரையை விட்டா உங்களுக்கு வேற எதுவும் புரியாதா?”ன்னு. என்ன, என்ன தப்பு? அப்படிப் பாக்காதீங்க.

கோவிச்சுக்கிட்டு உதவிம்மாவுக்கு எழுதிட்டாங்க, “உங்க முதலாளி மனுஷனா?”ன்னு. நான் பதறிப் போயிட்டேன். எப்படியாவது சமாதானப்படுத்தணுமே! அதனால உதவிம்மா பேருல, “அவரு அப்படித்தாம்மா, வாயைத் தொறந்தா எரிஞ்சு விழுவாரு. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். மனசுல வெச்சுக்காதீங்க”ன்னு எழுதினேன். நல்லாத்தானே எழுதியிருக்கேன்? எழுதறப்ப எனக்கே அவ மேல பாவமா இருந்துச்சு.

அங்கதான் வந்துச்சு வினை. “நீ ஏன் கண்ணு அந்த ஆளுகிட்ட கெடந்து அவதிப்படுற? எங்க கடைக்கு வந்துடு”ன்னு பதில்! என்ன துணிச்சல் பாருங்க! என் ஆளை என்கிட்டேருந்தே இழுக்குறாங்க! எனக்கு வந்த கோவத்துல, “எங்க முதலாளி தங்கமானவர், நான் எங்கேயும் வர மாட்டேன்”னு உதவிம்மாவை எழுத வெச்சேன். அதுக்கு என்ன பதில் தெரியுமா? “பக்கத்துல நின்னு மெரட்டி எழுத வெச்சாரா?”

இன்னைக்குச் சாயங்காலம் நேர்ல வர்றாங்க. பொண்ணைக் கண்ணால பாத்தாத்தான் அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தமாம். இல்லேன்னா எல்லாக் கடைக்கும் வேற சாஃப்ட்வேராம்.

அதுக்குத்தாம்மா நீங்க. அந்த மேஜையில உக்காந்து, “நான் இங்க நல்லா இருக்கேன்மா, சார் ரொம்ப நல்லவரு”ன்னு சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம். …ம்ஹூம். நல்லவருன்னு சொல்றப்ப தரையைப் பாக்கக் கூடாது.

சம்பளமா? அட, அதைப் பேசிக்கலாம். இன்னும் வேலையே தொடங்கல, அதுக்குள்ள சம்பளம். இந்தக் காலத்துப் புள்ளைங்களே… அந்தம்மா எவ்வளவு தர்றேன்னாங்களா? அதை ஏன் கேக்குறீங்க, வயித்தெரிச்சல்! நான் இந்த இடத்துக்குத் தர நெனச்சதைப் போல ரெண்டு மடங்கு. தனி ரூமு, மதியம் சாப்பாடு, வீட்டுல கொண்டுபோய் விட வண்டி. கடிதம் எழுதுறவளுக்கு வண்டி! துணி தொவைக்கிறவங்களுக்குப் பணம் அவ்வளவு கொழுத்துப் போச்சு.

கடை எங்கயா? தூரமெல்லாம் இல்ல, இந்தத் தெருக்கோடியில பச்சை போர்டு போட்டிருக்கே, அதுதான் தலைமைக் கடை. இந்நேரம் கல்லாவுலதான் உக்காந்திருப்பாங்க. இல்லம்மா, உதவிம்மாவை அவங்க பாத்ததே இல்ல. குரலும் கேட்டதில்ல. போட்டோவா? கெடையாது, பேரே கெடையாதுன்னேனே. குட்டையா நெட்டையான்னு கூடத் தெரியாது. அதனாலதான் நீங்க பயப்படவே வேணாம்னு…

என்னம்மா, எழுந்துட்டீங்க?

பையை ஏன் எடுக்குறீங்க? இருங்க, தண்ணி குடிச்சுட்டு… யோசிச்சுச் சொல்றீங்களா? எறங்குற வேகத்தைப் பாத்தா யோசிச்சு முடிச்ச மாதிரியில்ல இருக்கு! நில்லுங்க! அந்தப் பக்கம் போகாதீங்க, பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம்! ஏம்மா, அவங்க ஏமாற மாட்டாங்க, சொல்லிட்டேன்! பெரிய கெட்டிக்காரி! திடீர்னு ஒருத்தி வந்து, “அந்த ஆளோட குப்பை கொட்ட முடியலம்மா, ஓடி வந்துட்டேன்”னு சொன்னா உடனே நம்பிடுவாங்களா?

…நம்பிடுவாங்க. நம்பாம? அதான் நானே எழுதிக் குடுத்திருக்கேனே.