மேஸ்திரி வீட்டு விருந்தாளிகள்

சரி... பேச்சைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, ஒரு குட்டிக் கதை சொல்றேன். பின்னாடி சுண்டல் வந்துக்கிட்டிருக்கு, எனக்கே வாசனை அடிக்குது. அது உங்க கைக்கு வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்!

எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், தில்லைநாயகம்னு பேரு. நம்ம எல்லாரையும் மாதிரி ரிட்டயர் ஆனவர். மயிலாடுதுறையில வாடகை வீடு. அவர் சம்சாரம் சௌந்தரவல்லிக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசை. நகையா? இல்ல. காசி யாத்திரையா? அதுவும் இல்ல. கடல் தெரியிற மாதிரி ஒரு தோட்டம்... அதுல காலை நீட்டி உக்காந்து ஒரு வாய் காபி குடிக்கணும். அவ்வளவுதான்! கல்யாணம் ஆன மறுவாரம் சொன்ன ஆசை. நம்ம ஆளு காதுல அது ஏறினது எப்போ? முப்பத்தோரு வருஷம் கழிச்சு!

தரங்கம்பாடிக்குத் தெக்க, கடலோரமா ஒரு சின்ன வீடு கட்டினார். முன்னாடி தோட்டம். நந்தியாவட்டை, செம்பருத்தி, ஒரு புங்க மரம். ஆவணி கடைசி முகூர்த்தத்துல பால் காய்ச்சறதா ஏற்பாடு. வாசக்கதவு செய்யிற ஆசாரிக்கு அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல். ஆவணி போச்சு. அடுத்தது என்ன மாசம்? சொல்லுங்க... ஆங், புரட்டாசி! புரட்டாசியில புது வீட்டுக்குக் குடி போவோமா? மாட்டோம்.

ஆனா தில்லைநாயகம் நம்மளை விட ஒரு படி மேல. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா தயிர் சாதம் கட்டிக்கிட்டு, பிளாஸ்க்குல காபி ஊத்திக்கிட்டு, ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போவாங்க. போயி? கேட்டுக்கு வெளியில நின்னு வீட்டைப் பார்ப்பாங்க! சொந்த வீட்டை... மியூசியம் பார்க்கிற மாதிரி!

அந்த அம்மா மெதுவா கேப்பாங்க. "ஏங்க, வீட்டுக்குள்ளதானே போகக் கூடாது? தோட்டத்துல உக்காரலாமில்ல?"

"கேட்டைத் தாண்டினாலே குடி போன கணக்குதான். ஐப்பசி பத்து நல்ல நாள். அதுவரைக்கும் பேசாம இரு."

முப்பத்தோரு வருஷம் பேசாம இருந்தவங்க... இன்னும் ஒரு மாசம் இருக்க மாட்டாங்களா? இருந்தாங்க.

ஆனா உள்ள ஒருத்தர் ஏற்கெனவே குடி வந்தாச்சு! யாரு? கட்டட வேலை நடக்கிறப்ப வந்து சேர்ந்த ஒரு நாட்டு நாய். செவலை. ஒவ்வொரு கொத்தனார் பின்னாடியும் போய் நின்னு வேலையைப் பார்க்குமாம். அதனால அதுக்கு 'மேஸ்திரி'ன்னே பேரு வெச்சுட்டாங்க. வேலை முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. மேஸ்திரி போகல!

கடலோரத்துப் புரட்டாசி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு மழை பெய்ஞ்சு, வெக்கை அடங்கி, காத்து சில்லுன்னு வருது. தோட்டம் பூரா தும்பி. மேஸ்திரி என்ன பண்ணுது? ஈர மண்ணுல மல்லாக்கப் படுத்து, நாலு காலையும் மேல தூக்கிக்கிட்டு முதுகைத் தேய்க்குது. எழுந்து தும்பியைத் துரத்துது. ஒண்ணாவது மாட்டுச்சா? இல்ல! கவலைப்படுதா? அதுவும் இல்ல! வழி தப்பி வந்த ஒரு நண்டைப் பார்த்து நாலு குரை... நண்டு கொடுக்கைத் தூக்கினதும், நம்ம மேஸ்திரி வேற ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி நைசா திரும்பி, புங்க மரத்தடியில போய்ப் படுத்துக்குது. மூக்கைக் கடல் பக்கம் நீட்டி... கண்ணை மூடிக்கிட்டு... ஆஹா!

கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அந்த அம்மா பார்க்கிறாங்க. முதல் ஞாயிறு சிரிச்சாங்க. ரெண்டாவது ஞாயிறு சிரிக்கல. மூணாவது ஞாயிறு... கண்ணுல தண்ணி. ஒரு நாயைப் பார்த்து ஒரு மனுஷிக்குப் பொறாமை வந்துதுங்க! என்ன நினைச்சாங்களோ, தாழ்ப்பாளைத் தள்ளினாங்க, உள்ள போனாங்க, மேஸ்திரி பக்கத்துல காலை நீட்டி உக்காந்துட்டாங்க.

தில்லைநாயகத்துக்கு உசுரே போச்சு. "சௌந்தரா! வெளியில வா! புரட்டாசி!"

அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கல. "நான் எங்கங்க குடி வந்தேன்? இப்போ இது மேஸ்திரி வீடு. நான் விருந்தாளியா வந்திருக்கேன். புரட்டாசியில குடி போகக் கூடாதுன்னாங்க. விருந்துக்குப் போகக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

மனுஷன் மனசுக்குள்ளயே பஞ்சாங்கம் பூராத்தையும் புரட்டுறார்... அப்படி ஒரு வரி எங்கயுமே இல்ல! அதுக்குள்ள மேஸ்திரி எழுந்து வந்து, கேட் பக்கத்துல நின்னு, இவரைப் பார்த்து வாலை ஆட்டுது. வீட்டுக்காரரே வாசலுக்கு வந்து கூப்பிட்டா எப்படிங்க மறுக்கிறது? செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனார். மேஸ்திரிக்குத் தயிர் சாதம், இவங்களுக்குக் காபி. எதிர்ல கடல். ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல.

ஐப்பசி பத்தும் வந்துச்சு. பால் காய்ச்சினாங்க. எப்படி? அடைமழையில, குடையைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படி ஏறி! தோட்டத்துல முழங்கால் தண்ணி. கார்த்திகை கடைசி வரைக்கும் வெளியில ஒரு ஸ்டூல் போட முடியல. தில்லைநாயகம் என்கிட்ட சொன்னார். "சார், நல்ல நாள்ல குடி போயிட்டோம், சரி. ஆனா அவ ஆசைப்பட்ட நாள் புரட்டாசியிலயே வந்துட்டுப் போயிருக்கும். மேஸ்திரி மட்டும் இல்லேன்னா, நான் அவளைக் கேட்டுக்கு வெளியிலயே நிறுத்தியிருப்பேன்."

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடுங்கன்னா? ஐயோ, இல்லீங்க. எங்க வீட்டுலயும் நாள் பார்ப்போம். ஆனா நாம என்ன பண்றோம்... வேலையில இருந்தப்ப, ரிட்டயர் ஆகட்டும்னோம். ரிட்டயர் ஆனதும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்னோம். இப்போ பேரன் காலேஜ் சேரட்டும்ங்கறோம்! சந்தோஷத்துக்கும் முகூர்த்தம் குறிக்கிறோம். காத்து நாம குறிச்ச தேதிக்கு வருமா? அந்த வாயில்லா ஜீவன், வந்த அன்னிக்கே அனுபவிச்சுதுங்க!

உங்க பக்கத்துல உக்காந்திருக்காங்களே, உங்க வீட்டுக்காரம்மா... இல்ல உங்க வீட்டுக்காரர்... அவங்களும் என்னிக்கோ ஒரு ஆசை சொல்லியிருப்பாங்க. சின்ன ஆசைதான். என்னன்னு ஞாபகம் இருக்கா? இருக்கிறவங்க, நாளைக்குக் காலையில கிளம்புங்க. இல்லாதவங்க... வெக்கப்படாம இப்பவே திரும்பிக் கேளுங்க. நான் வாயை மூடிக்கிறேன்.

கேளுங்க!