நீல மீன் இருந்த கல்

— மீன் பெட்டிக்குள்ள துருசைப் போடாதீங்க! சிறில், கையை எடுங்க சொல்றன்.

— பொறு, பொறு, மார்கிறட். ஒரு நுள்ளு மயில்துத்தம்தான். ஆசுபத்திரித் தராசில நிறுத்துக் கொண்டு வந்தது. மீன்ட மேல இருக்கிற பூச்சி செத்திடும்.

— பூச்சி மட்டுமா சாகும்? இறால் சாகும். அந்தக் கடல்பூ சாகும். கல்லுல உயிரோட முளைச்சிருக்கிற எல்லாம் சாகும். புத்தகத்தில வாசிச்சுப் போட்டு நீங்கதானே சொன்னீங்க!

— அப்ப நம்மட மீன், மாப்பிள்ளை, சாகட்டுமா? கண்ணைப் பாரு, பால் ஊத்தின மாதிரி வெள்ளையாகிட்டு. நாலு நாளாத் தீனி எடுக்கல்ல. கல்லுல போய்ப் போய் உரசுது. அறுபத்தி ஒண்டில ஹலீம் கொண்டு வரக்குள்ள ஒரு ரூவாக் குத்திக் காசு அளவு. கறுநீலத்தில வெள்ளை வளையம். மூணு வருசத்தில வளையமெல்லாம் அழிஞ்சு, இந்த மஞ்சள் கோடு ஒவ்வொண்டா வந்ததை நாம ரெண்டு பேரும் இந்தக் கண்ணாடிக்கு முன்னால இருந்து பாத்தமே.

— மாப்பிள்ளை எண்டு பேர் வச்சது நான். எனக்கு நோகாதா? ஹலீம், நீங்களாவது சொல்லுங்க. ஓட்டமாவடியில இருந்து போத்தலைக் கட்டிப் புடிச்சிட்டு பஸ்ஸில வந்து, வாசல்லயே நிக்கிறீங்க.

— நீங்க ரெண்டு பேரும் பறஞ்சு முடியட்டும் எண்டு நிண்டன் தங்கச்சி. டொக்குத்தர், இந்தப் போத்தலுக்க என்ன இரிக்கி எண்டு பாருங்க.

— ஒரு விரல் நீளத்தில மீன். நீல உடம்பு, குறுக்கால ஒரு கறுப்புக் கோடு. வடிவாத்தான் இருக்கு. இப்ப எனக்குப் புது மீன் வேணாம் ஹலீம்.

— இது மீன் இல்ல. கரையில இரிக்கிற எங்களுக்கு மருந்து கலக்கித் தாற டொக்குத்தர் நீங்க. கடலுக்க இரிக்கிறதுகளுக்கு டொக்குத்தர் இவரு.

— என்ன கதை இது?

— மெய்யாச் சொல்றன். பாசிக்குடாவுக்கு அங்கால, அஞ்சு பாக ஆழத் தண்ணியில ஒரு கல் இரிக்கி. இருவது வருசமா நான் ஈட்டியோட முங்குற இடம். பெரிய மீனெல்லாம் அந்தக் கல்லுக்கு வரும். வந்து அசையாம நிக்கும், ஒண்டுக்குப் பின்னால ஒண்டா. இவரு போயி செதிள், செட்டை, கண்ணு எல்லாத்திலயும் பூச்சியைக் கொத்திக் கொத்தித் துப்பரவாக்குவாரு. மீனையே தின்னுற பெரிய களவாயும் வாயைத் திறக்கும். இவரு உள்ள போயி, செவுளால வெளிய வருவாரு.

— களவாய்க்குள்ள போன மீன் வெளிய வந்ததா? என்ட மாதாவே!

— ஹலீம், நான் உங்களை மதிக்கிறவன். ஆனா அஞ்சு பாகத்தில மூச்சடக்கிக் கிடக்கக்குள்ள மனிசன் என்னத்தையும் காணுவான்.

— அப்ப விட்டுப் பாருங்க டொக்குத்தர். துருசைப் பொறகும் போடலாம்.

— விடுங்க ஹலீம், அவர் சொன்னாலும் சொல்லாட்டியும். இது என்ட வீட்டு ஹோல்ல இருக்கிற பெட்டி.

— பொறுங்க, போத்தலைச் சரிச்சுப் புடிங்க. ஆ... போயிட்டு. கல்லுக்குப் பின்னால ஒளிக்கப் போகுது, பாருங்க.

— ஒளிக்கல்லயே. இஞ்ச வாறாரு. சிறில், அது ஆடுது! வாலை மேலயும் கீழயும் அடிச்சு ஆடுது!

— அது அவருட சலாம் தங்கச்சி. நான் வந்திரிக்கன் எண்டு சொல்றாரு.

— மாப்பிள்ளை அதை விரட்டி அடிக்கும். அதுட இடத்துக்குள்ள ஒருத்தரும்... பொறு. நிண்டிட்டு. மாப்பிள்ளை அசையாம நிண்டிட்டு.

— தலையை மேல தூக்குது. செட்டையெல்லாம் விரிக்குது.

— செவுளைத் திறக்குது மார்கிறட். இஞ்ச பாரு, தானாத் திறந்து குடுக்குது. இதை எந்தப் புத்தகத்திலயும் நான் வாசிக்கல்ல. மூணு வருசமா இந்தப் பெட்டிக்குள்ளயே கிடந்த மீனுக்கு இதை ஆர் சொல்லிக் குடுத்த?

— டொக்குத்தர், துருசு கையில அப்படியே இரிக்கி.

— சிறில், கொண்டு போய் அலுமாரிக்குள்ள வைங்க.

*

— வாங்க ஹலீம். பத்து நாளாக் காணல்ல. முகம் ஏன் இப்படிக் கிடக்கு?

— ஒண்டுமில்ல தங்கச்சி. நீல மீனைப் பத்தி ஒரு கதை பறையத்தான் வந்தன். மாப்பிள்ளைக்கு எப்படி?

— நீல மீன் விடியல்ல இருந்து வேலைதான். மாப்பிள்ளை கொஞ்சம் சாப்பிடுது. ஆனா கண் இன்னும் வெள்ளை, உரசுறதும் நிக்கல்ல. இவர் பூதக்கண்ணாடி வச்சுத் தேடுறார். ஒரு பூச்சியும் தெரியுதில்லையாம்.

— தெரியாது மார்கிறட், ஆனா இருக்கு. இல்லாட்டி அது என்னத்தைக் கொத்துது? ஒரு குட்டி மீன் திண்டு தீர்க்க ஏலாத அளவுக்கு இருக்கு.

— டொக்குத்தர், எங்கட தோணிட அடியில சிப்பி, பூச்சி எல்லாம் ஒட்டினா, கொண்டு போயி ஆத்துக்குள்ள விடுவம். உப்பில்லாத நல்ல தண்ணி பட்டா அதுகள் செத்துக் கழண்டிடும். தோணிக்கு ஒண்டும் ஆகாது.

— தோணி மரம் ஹலீம். இது கடல்மீன். நல்ல தண்ணியில விட்டா இதுவும் சாகும்.

— எது முதல்ல சாகும்?

— ...என்ன கேட்டீங்க?

— பூச்சி இத்தினிக்கூண்டு. மீன் பெரிசு. எது முதல்ல சாகும் எண்டு கேக்கன்.

— மார்கிறட், கிணத்துத் தண்ணி ஒரு வாளி. வெள்ளை எனாமல் வாளியில. வெயில்ல வைச்சுப் பெட்டித் தண்ணிட சூட்டுக்குக் கொண்டு வரவேணும். அப்பச்சோடாவும் ஒரு கரண்டி. கடல்தண்ணி மாதிரிக் கொஞ்சம் காரம் இருக்கட்டும்.

— எவ்வளவு நேரம் உள்ள வைக்கப் போறீங்க?

— நாலு நிமிசம். கூடினா அஞ்சு. நான் செவுளைப் பாக்கவேணும், மணிக்கூடு பாக்க ஏலாது.

— நான் அருள்நிறைந்த மரியே சொல்றன். பத்துத் தரம் சொல்லி முடிக்க நாலு நிமிசம். முடிய எடுங்க.

*

— ...மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே. சிறில், சரிஞ்சிட்டுது! ஒரு பக்கமாச் சரிஞ்சிட்டுது!

— பொறு, பொறு. செவுள் அடிக்குது. நீ நிறுத்தாம சொல்லு. எத்தினை?

— நாலு மரியே முடிஞ்சுது. என்ட மாதாவே, செதிள் கழருதே! வாளி அடியெல்லாம் செதிள்!

— எடுங்க டொக்குத்தர், மீன் மவுத்தாகப் போகுது!

— இல்ல. இல்ல, நில்லுங்க. அது செதிள் இல்ல. நெளியுது. கிட்ட வந்து பாருங்க ரெண்டு பேரும்.

— அல்லாவே.

— பூச்சி! உயிரோட நெளியுது. கண்ணாடி மாதிரிக் கிடந்திருக்கு, அதுதான் தெரியல்ல. நல்ல தண்ணி பட்டதும் வெள்ளையா மாறிக் கழருது. பாரு, கண்ணுல இருந்து ஒண்டு... இன்னொண்டு. நான் பத்து நாளாத் தேடினது மாப்பிள்ளைட கண்ணுலதான் இருந்திருக்கு!

— அம்பது இருக்கும். கூடவே இருக்கும். இவ்வளவையும் சுமந்துகொண்டா இது நீந்தித் திரிஞ்ச? சிறில், நான் எண்ணுறதை விட்டிட்டன். எடுங்க, எடுங்க!

— வலையைத் தா. மெல்ல... பெட்டிக்குள்ள விட்டிட்டன்.

— கிடக்குதே. அடியில கிடக்குதே.

— செவுளைப் பாருங்க தங்கச்சி. அடிக்கிது.

— முதுகுச் செட்டையைத் தூக்குது... ஒழும்பிட்டு. சிறில், ஒழும்பிட்டு! கல்லுக்குக் கிட்டப் போகுது. உரசப் போகுது... இல்ல. உரசல்ல. கல்லைத் தாண்டிப் போகுது.

— அழாத மார்கிறட்.

— நீங்க அழுறீங்க.

— ஹலீம், உங்கட தோணிக்கு நான் என்ன சொல்ல! பூச்சிட முட்டை கிட்டை இருக்கும், ஒரு கிழமையில இன்னொருக்கா இப்படிச் செய்யவேணும். மற்ற நாளில நீல மீன் பாத்துக்கொள்ளும். அந்தக் கல்லுல இருந்து இன்னும் ரெண்டு பிடிச்சுத் தாறீங்களா?

— அங்க இல்ல டொக்குத்தர். இரிந்தது இது ஒண்டுதான். அதைப் பறையத்தான் வந்தன். எனக்கு அதைத் திருப்பித் தாங்க.

— ஏன்? என்ன நடந்த?

— முந்தநாள் அந்தக் கல்லுக்கு முங்கினன். ஆளுயரக் களவாய் ஒண்டு நிண்டிச்சு. ஈட்டியை ஓங்கினன். அது ஓடல்ல. என்ட இந்த இடக்கை விரலுக்கு முன்னால வந்து வாயைத் திறந்திட்டு நிண்டிச்சு. நீல மீனுக்குக் காட்டுற மாதிரி, செவுளை விரிச்சுக் காட்டிச்சு.

— நீங்க என்ன செஞ்சீங்க ஹலீம்?

— ஈட்டியை மண்ணுல குத்தி வச்சன் தங்கச்சி. செவுளுக்குள்ள நகம் அளவுக்கு ஒரு பூச்சி இரிந்திச்சு. விரலால புடுங்கி எடுத்தன். அது அசையல்ல.

— மார்கிறட், போத்தலைக் கழுவு. நீல மீனை இண்டைக்கே கொண்டு போகட்டும். மாப்பிள்ளையை நாம வாளியில பாத்துக்கொள்ளுவம்.

— கெதியாத் தாங்க டொக்குத்தர், பஸ் போயிடும். முந்தநாள் மூச்சு முடிஞ்சு நான் மேல வரக் கிறுகித் திரும்பினன். எனக்குப் பின்னால இன்னும் ஏழெட்டுப் பேரு, வாயைத் திறந்திட்டு, வரிசையில நிக்காங்க.