பூ வைத்த நாற்காலி

— அந்த நாற்காலியை மட்டும் கேக்காத பெர்தா. வேற என்ன வேணா கேளு.

— வேற எதைக் கேக்கறது சிஸ்டர்? ஒண்ணாம் வகுப்புல வேற இடமே இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க.

— அடுத்த வருஷம் வரச் சொல்லு. முதல் ஆளா சேத்துக்கறேன்.

— இந்தப் புள்ள ஹலிமாவோட அம்மா, என் சிநேகிதி, மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்குப் போயிட்டா. அடோனாரா தீவுல பாத்துக்க ஆளில்லாம, புள்ளையைப் படகேத்தி என்கிட்ட விட்டுட்டா. வருஷம் பூரா நான் அவளை மீன் கூடையோட லாரன்துகா சந்தைக்கு இழுத்துட்டுப் போகவா?

— உனக்கு வாய் மட்டும் அன்னைக்கிருந்த மாதிரியே இருக்குடி. கேட்டியா, ஞாயித்துக்கிழமை பிஷப் வர்றார். பள்ளிக்கூடத்துக்கு நூறு வயசு. அந்த நாற்காலி பக்கத்துல நின்னுதான் போட்டோ.

— நிக்கட்டுமே. அவர் ஒண்ணும் அதுல உக்காரப் போறதில்லையே.

— இயேசுவே! அது இந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கின மதர் அலோய்சியா போட்ட நாற்காலி. இத்தனை வருஷமா ஒருத்தர்கூட உக்காந்ததில்ல. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறோம், பூ வைக்கிறோம்.

— எனக்குத் தெரியாதா? லேட்டா வந்ததுக்குத் தண்டனைன்னு நாலாம் வகுப்பு பூரா என்னைத்தானே துடைக்க வெச்சீங்க. ஆமா, மதர் எதுக்கு சிஸ்டர் அதைப் போட்டாங்க?

— எனக்கே பரீட்சை வைக்கிறியா?

— மறந்துட்டீங்களோன்னுதான்.

— மறக்கறதாவது! பள்ளிக்கூடம் தொடங்கின வருஷம் தீவுலேர்ந்து ஒரு பையன் லேட்டா வந்தான். இடமில்ல, அடுத்த வருஷம் வான்னு மதர் அனுப்பிட்டாங்க. அவன் வரவேயில்ல. இனிமே எந்தப் பிள்ளைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னு, ஒரு நாற்காலியை எப்பவும் காலியா...

— ம்... காலியா?

— சும்மா இருடி. பிஷப்புக்கு நான் என்ன பதில் சொல்றது?

— ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கே பயமா? அன்னைக்கு வந்த பையன் திரும்பி வந்துட்டான்னு சொல்லுங்க. இப்ப ரெட்டை சடை போட்டிருக்கான்னு சொல்லுங்க.

— சிரிக்க வைக்காத. எங்க அவ? மழையில வெளியிலயா நிக்க வெச்சிருக்க?

— வகுப்புலதான் இருக்கா சிஸ்டர். வாசல்ல நின்னவளைப் பிள்ளைங்களே இழுத்துட்டுப் போய் அந்த நாற்காலியில உக்கார வெச்சிருச்சுங்க. நேத்துதான் இந்தக் கதையை அதுங்களுக்குச் சொன்னீங்களாமே. அதுல இருந்த பூவை என்ன பண்றதுன்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பிச்சுதுங்க.