பதினோராவது போட்டோ

சின்னக் கடைக்காரர்கள் வெப்சைட் வைக்கும்போது பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கோட்டுப் போட்ட யாரோ நாலு பேர் கைகுலுக்கிச் சிரிக்கிற படத்தை எங்கிருந்தோ எடுத்து முகப்பில் ஒட்டிவிடுகிறார்கள். பூட்டு ரிப்பேர் கடைக்கும் அதே நாலு பேர், பல் டாக்டருக்கும் அதே நாலு பேர். பார்க்கிறவர்கள் என்ன முட்டாள்களா? பன்னிரண்டு வருஷமாக நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். உங்கள் கடை, உங்கள் மேஜை, உங்கள் ஆட்கள், இதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. முகத்தைப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்.

என் தொழில் என்ன என்று கேட்டீர்கள் மேடம், அதனால் சொன்னேன். தம்பியைப் பற்றியும் கேட்டீர்கள்.

அப்பா அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்குப் பதினொன்று. அவன் ஸ்கூல் பையைச் சுமந்தது முதல் அவனுக்குப் பெண் பார்த்தது வரை எல்லாம் நான்தான். அவனுக்குக் கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டு வரும். தணிந்துவிட்டால் பூனைக்குட்டி மாதிரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். அவன் பெண்டாட்டி நன்றாகத் தைப்பாள், அடக்கமாகப் பேசுவாள், என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவாள். நானே தேடிப் பிடித்த பெண் என்பதால் எனக்கு அவள் மேல் ஒரு பெருமைகூட இருந்தது.

ஒருமுறை அவளுடைய இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கதவில் இடித்துக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரியில் நான்தான் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் அவள் போலீசுக்குப் போனாள். கோர்ட்டில் என்ன சொன்னாள் என்பது உங்கள் ஃபைலில் இருக்கும். நான் அவளுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவர் அடிக்கிறப்ப எல்லாம் அண்ணி பக்கத்து ரூம்லதான் இருப்பாங்க. டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுக்குவாங்க."

அதை நான் மறுக்கவில்லை. மேல்வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள், அவர்கள் காதில் விழவேண்டாமே என்றுதான் கூட்டினேன். அதைச் சொல்ல எனக்கு யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. வெளியே வரும்போது தம்பியின் முகம் யாருக்கும் தெரியக்கூடாது என்று என் கைப்பையால் மறைத்தேன். யாரோ போனில் படம் எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தில் அவன் முகம் இல்லை. என் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஊரில் எல்லோர் போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு 'டிவி அக்கா' என்று பெயர். ரொட்டிக் கடையில் நான் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து யாராவது, "கொஞ்சம் சவுண்டைக் குறைங்க" என்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். ஆறு வாடிக்கையாளர்கள் ஒரே மாதத்தில் கழன்றுகொண்டார்கள். கம்பெனி பெயரையும் போன் நம்பரையும் மாற்றித்தான் பிழைத்தேன். ஒரு போட்டோ ஒரு மனுஷியை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தம்பி பதினாலு மாதம் உள்ளே இருந்தான். அவன் வெளியே வருவதற்குள் அவள் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்காணாமல் போய்விட்டாள். நாலு வருஷம் ஆயிற்று. அவன் என் வீட்டுப் பின்னறையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். எங்கே இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பான். தெரிந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புது வேலை வந்தது. ரயிலில் ஐந்து மணி நேரம் தள்ளி ஒரு ஊர். திரைச்சீலை, தலையணை உறை தைத்துக் கொடுக்கிற கடை. நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், கம்ப்யூட்டர் என்றாலே கை நடுங்கும். வழக்கம்போல, சொந்தப் போட்டோ அனுப்புங்கள் என்றேன். முப்பத்தெட்டு அனுப்பினார். துணிச்சுருள்கள், வாசல் பலகை, கல்லாவில் அவரே, இப்படி.

பதினோராவது போட்டோவில் பின்னால் ஒரு தையல் மெஷின், அதில் ஒரு பெண். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். முகத்தை வைத்து நான் அவளைக் கண்டுபிடிக்கவில்லை மேடம். அவளுடைய இடது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. அதனால் துணியை முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தைப்பாள். எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்து தைத்தவள்தான்.

அன்று சாயங்காலமே அந்த அம்மா போன் செய்தார். "பின்னாடி மெஷின்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா பாருங்க, அவள மட்டும் எடுத்துடுங்கம்மா. தெரியாம வந்துடுச்சு. அவளுக்கு போட்டோன்னாலே பயம்."

ஏன் என்று கேட்டேன்.

"ஏதோ புருஷன் தொல்லைன்னு சொன்னா. நான் அதுக்கு மேல தோண்டல. கை வேலைல தங்கம்மா அவ."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன்.

முதல் நாள் விசாரணையில் அந்தப் போட்டோவைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். அது சரியில்லை, மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அவளை வெட்டி எடுத்துவிட்டு ஒரு படம் தயார் செய்து, அந்த அம்மாவின் பார்வைக்கு வெள்ளிக்கிழமை அனுப்பினேன். ரொம்ப அழகாக இருக்கிறது, போட்டுவிடுங்கள் என்றார். திங்கட்கிழமை வெப்சைட்டை வெளியே விட்டபோது முழுப் படத்தை வைத்தேன். பின்னால் இருட்டாக இருந்ததால் அவள் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். கீழே, 'எங்கள் தையல் கலைஞர், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை' என்று ஒரு வரி போட்டேன். நேரம் போடாத வெப்சைட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

தம்பியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை அவனும் உங்களிடம் சொல்லியிருப்பான். என் வேலைகளில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பது அவன்தான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ போடப் போனேன். டீயோடு வந்தபோது அவன் திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இந்தக் கடை எங்க இருக்கு?" என்றான்.

"கீழ மேப் போட்டிருக்கேன் பாரு" என்றேன்.

அவன் டீயைக் குடித்தான், டம்ளரைக் கழுவி வைத்தான். அவனாக டம்ளர் கழுவி நான் பார்த்தது அன்றுதான். புதன்கிழமை காலை ஒன்பது மணி ரயிலுக்குப் போகிறேன் என்றான். சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். வெறுங்கையோடுதான் போனான், இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோல் அந்தக் கடையினுடையது.

அன்று மத்தியானம் ஒன்று இருபதுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. வெப்சைட் செய்தவர்கள் என்று அடியில் என் கம்பெனி பெயரும் நம்பரும் இருக்கும். அதைப் பார்த்து அவளே கூப்பிட்டிருந்தாள். கடைக்கு வந்த யாரோ, உங்கள் படம் நன்றாக இருக்கிறதே என்று சொன்னார்களாம்.

"மேடம், எங்க கடை வெப்சைட்ல ஒரு போட்டோல நான் இருக்கேன். தயவுசெஞ்சு எடுத்துடுங்க. இப்பவே எடுக்க முடியுமா? பிள்ளைய ஸ்கூல்லேருந்து கூட்டிக்கிட்டு நான் உடனே கிளம்பணும்."

வேலைக்கென்று எனக்கு ஒரு குரல் உண்டு. வீட்டில் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"எடுத்துடலாம்மா" என்றேன். "ஆனா சரியா போயிடுச்சான்னு நீங்களே கடை கம்ப்யூட்டர்ல பாத்து சொன்னாதான் நான் முடிக்க முடியும். அரை மணி நேரம் அங்கயே இருங்க. நானே கூப்புடுறேன்."

"சரி மேடம். ரொம்ப நன்றி மேடம்" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது.

ரயில் இரண்டு மணிக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து கடைக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். மேப்பைப் போட்டவள் நான்தானே. இரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டு, இன்னும் ஒரு அரை மணி ஆகும், நகர்ந்துவிடாதீர்கள் என்றேன். அதற்கும் நன்றி சொன்னாள். சொன்ன வார்த்தையை நான் மீறவில்லை. இரண்டே காலுக்கு அந்தப் போட்டோவை எடுத்துவிட்டு வெட்டிய படத்தை வைத்தேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

உங்கள் ஆட்கள் அந்த அம்மாவிடம் கேட்டிருப்பார்கள். அவர் கடையை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தம்பி செய்ததற்கு அவன் பதில் சொல்வான், அவன் கோபம் அப்படி. நான் செய்தது ஒரு படத்தை வெட்டாமல் விட்டது, ஒரு போன் பேசியது. கோர்ட்டில் எத்தனை பேருக்கு முன்னால் அவள் என் மூஞ்சியில் கரி பூசினாள் என்பதை நீங்கள் பார்த்திருந்தால் இவ்வளவு நேரம் என்னை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பிள்ளை இப்போது உங்கள் பொறுப்பில் இருக்கிறாள் என்றார்கள். ஏழு வயசு, ராத்திரி வெளிச்சம் இல்லாமல் தூங்கமாட்டாள் என்றும் சொன்னார்கள். அவளுக்கு ரத்த சம்பந்தம் என்று இனி வெளியே இருப்பது நான் ஒருத்திதான். முன்னறையைக் காலி செய்து வெள்ளை அடித்திருக்கிறேன். ஜன்னல் பக்கமாகச் சின்னக் கட்டில், பக்கத்தில் ஒரு விளக்கு.

அந்தக் கட்டில் வீட்டுக்கு எப்போது வந்தது என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். கடைக்காரர் ரசீதில் தேதி போட்டிருப்பார், மறைக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை. வெப்சைட் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னால். தாயில்லாத பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறது என்றால் முன்கூட்டியே எல்லாம் தயாராக இருக்கவேண்டாமா, மேடம்.